பாகிஸ்தானிலிருந்து ஜெர்மனிக்கு வேலை விசா: கேள்வி பதில்

"ஐரோப்பாவுக்கு வேலை பெர்மிட் எப்படி வாங்குவது?" என்றுதான் பலர் கேட்கிறார்கள். ஐரோப்பா முழுமைக்கும் ஒரே பெர்மிட் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் விசாவைத் தானே தருகிறது. பாகிஸ்தானில் படித்தவர்களுக்கு விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் நாடு ஜெர்மனி என்பதால் இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியே. சம்பள வரம்புகள் 2026ஆம் ஆண்டுக்கானவை.

கேள்வி: லாகூரில் நான்கு ஆண்டு பிஎஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். ஆறு வருட அனுபவம் இருக்கிறது. ஆண்டுக்கு 47,000 யூரோ சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. ப்ளூ கார்டு கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் கொஞ்சம் விளிம்பில் நிற்கிறீர்கள். ப்ளூ கார்டுக்கு (பட்டதாரிகள் போன்ற உயர்திறன் பணியாளர்களுக்கான வேலை, வசிப்பு அனுமதி) இரண்டு சம்பளக் கோடுகள் உண்டு. பொதுவான கோடு 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் (ஐடி, பொறியியல், மருத்துவம் போன்றவை), பட்டம் வாங்கி மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கும் 45,934.20 யூரோ. உங்கள் 47,000 இரண்டாவது கோட்டைத் தாண்டுகிறது.

கீழ்க்கோட்டில் போனால் ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் வேண்டும். அவர்கள் கோட்டை மட்டும் பார்ப்பதில்லை. அதே ஊரில், அதே வேலையில், அதே அனுபவமுள்ள ஜெர்மானியருக்கு என்ன சம்பளம் என்றும் ஒப்பிடுவார்கள். ஆறு வருட அனுபவக்காரருக்கு மியூனிக்கில் 47,000 என்றால் கேள்வி வரும். சிற்றூரில் என்றால் வராமல் போகலாம். 50,700ஐத் தாண்டினால் இந்த ஒப்புதலே தேவையில்லை. கம்பெனியிடம் 3,700 யூரோ கூட்டிக் கேட்பது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

இன்னொரு பொறி: இந்தக் கோடுகள் ஓய்வூதியக் காப்பீட்டின் உச்சவரம்பில் 50 சதவீதம், 45.3 சதவீதம் என்று கணக்கிடப்படுபவை. வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நகரும். 2025இல் 48,300, 43,759.80 என்று இருந்தவைதான் இப்போது இவ்வளவு ஏறியிருக்கின்றன. நவம்பரில் கோட்டை ஒட்டி ஒப்பந்தம் போட்டு, முடிவு ஜனவரியில் வந்தால் சம்பளம் போதாது என்று ஆகிவிடும். ஆண்டுக் கடைசியில் கையெழுத்திடுபவர்கள் சில ஆயிரம் யூரோ இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தாலும் கிடைக்கலாம் என்ற வகை போனஸ் இந்தக் கணக்கில் சேராது. உறுதியான சம்பளம் மட்டுமே சேரும்.

கேள்வி: பஞ்சாபில் இரண்டு ஆண்டு பிஎஸ்சி, பிறகு இரண்டு ஆண்டு எம்எஸ்சி. எம்எஸ்சி இருப்பதால் முதுநிலைப் பட்டமாக எடுத்துக்கொள்வார்களா?

அப்படி நம்பி விண்ணப்பிக்காதீர்கள். ஜெர்மானியர் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று எண்ணுகிறார்கள். பழைய இரண்டு ஆண்டு பிஏ, பிஎஸ்சி தனியாக நின்றால் முழு இளநிலைப் பட்டமாக ஏற்கப்படுவதில்லை. அதன்மேல் இரண்டு ஆண்டு எம்எஸ்சி சேர்ந்து பதினாறு ஆண்டுக் கல்வி ஆனால், பெரும்பாலும் அது ஒரு இளநிலைப் பட்டத்துக்குச் சமமாகக் கருதப்படும். ப்ளூ கார்டுக்கு அதுவே போதும். முதுநிலை என்று வாதாடத் தேவையில்லை.

சரிபார்க்கும் இடம் அனபின் என்ற, வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ஜெர்மன் தரவுத்தளம். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஹெச்+ (அங்கீகாரம் உண்டு) என்று இருக்கிறதா? உங்கள் பட்டம் அதே பெயரில், அதே கால அளவில் இருக்கிறதா, பக்கத்தில் சமம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் இருக்கிறதா? இரண்டையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். பல்கலைக்கழகம் மட்டும் ஹெச்+ என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பட்டம் பட்டியலில் இல்லையென்றாலோ, பல்கலைக்கழகத்துக்கு ஹெச்+/- (அங்கீகாரம் உறுதியில்லை) என்று இருந்தாலோ, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மனியின் இசட்ஏபி அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்குவதே பாதுகாப்பு. கட்டணம் 208 யூரோ. வேலை தேடத் தொடங்கும் நாளிலேயே இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வேலை கிடைத்தபின் இதற்காகக் காத்திருக்கும்போது பொறுமையிழக்கிற கம்பெனிகள் உண்டு.

கேள்வி: பட்டமே இல்லை. எட்டு வருடமாக ஃப்ரீலான்ஸ் புரோகிராமர். வழி இருக்கிறதா?

ஐடிக்காரர்களுக்கு மட்டும் உண்டு. கடந்த ஏழு ஆண்டுகளில் குறைந்தது மூன்று ஆண்டு, பட்டதாரி செய்யும் தரத்திலான ஐடி வேலை பார்த்திருந்தால் பட்டமில்லாமலே ப்ளூ கார்டுக்குப் போகலாம். சம்பளம் 45,934.20க்குக் குறையக் கூடாது.

சிக்கல் நிரூபிப்பதில்தான். கம்பெனியில் இருந்தவருக்கு அனுபவக் கடிதம், சம்பளச் சீட்டு, ஈஓபிஐ (தொழிலாளர் ஓய்வூதிய அமைப்பு) பதிவு எல்லாம் இருக்கும். ஃப்ரீலான்சருக்குக் கையில் இருப்பது தளத்தின் நட்சத்திரங்கள் மட்டும். பாகிஸ்தான் வரித்துறையான எஃப்பிஆரில் தாக்கல் செய்த வருமான வரி, வெளிநாட்டுப் பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாடிக்கையாளர்களுடன் போட்ட ஒப்பந்தங்கள், அவர்கள் தரும் கடிதங்கள் ஆகியவற்றை மாதவாரியாகப் பொருந்தும்படி அடுக்குங்கள். கடிதத்தில் "நல்ல மனிதர், உழைப்பாளி" என்று எழுதி வாங்குவதால் பயனில்லை. என்ன கட்டினீர்கள், எந்தத் தொழில்நுட்பத்தில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று இருக்க வேண்டும்.

கேள்வி: சான்றிதழ்களை எந்த வரிசையில் அட்டெஸ்ட் செய்வது? அபோஸ்டீ வாங்கினால் போதும் என்கிறார்களே?

மெட்ரிக் (பத்தாம் வகுப்பு), இன்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றுகளுக்குக் கல்வி வாரியங்களை ஒருங்கிணைக்கும் ஐபிசிசி. பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் முதலில் பல்கலைக்கழகம் சரிபார்க்கும், பிறகு உயர்கல்வி ஆணையமான ஹெச்இசி அட்டெஸ்ட் செய்யும். வெளியுறவு அமைச்சகம் எல்லாவற்றுக்கும் பிறகு. இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்த கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

அபோஸ்டீ (உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஏற்கும் ஆவணச் சான்று முத்திரை) உடன்படிக்கை பாகிஸ்தானுக்கு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது உண்மை. ஆனால் பாகிஸ்தான் சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இரண்டு நாடுகளுக்கிடையே அது செல்லாது. ஜெர்மனிக்காக அபோஸ்டீ வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் உங்கள் பணத்தை வீணாக்குகிறார்.

சான்றுகளைவிட அதிகம் காலை வாருவது பெயர்தான். மெட்ரிக்கில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர் இடத்தில். விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்த வேண்டியதை நாத்ராவிலும் (அடையாள அட்டை தரும் அரசு அமைப்பு) கல்வி வாரியத்திலும் முதலில் திருத்திவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கடைசியில் மாற்றுங்கள்.

கேள்வி: மனைவியையும் கூடவே கூட்டிப்போக முடியுமா? அவருக்கு ஜெர்மன் தெரியாது.

ப்ளூ கார்டுக்காரரின் துணைக்கு ஏ1 (ஜெர்மன் மொழித்தரத்தின் முதல் படி) தேர்வு வேண்டாம். வந்த பிறகு தடையின்றி வேலையும் பார்க்கலாம். விதியில் தடை இல்லை, தாமதம் திருமணத் தாளில் வருகிறது.

பாகிஸ்தானின் குடிமைப் பதிவு ஆவணங்களை ஜெர்மன் தூதரகம் நேரடியாகச் சான்றளிப்பதில்லை. சந்தேகம் வந்தால் உள்ளூர் வழக்கறிஞரை வைத்து விசாரிக்கும். செலவு விண்ணப்பதாரருடையது, காலம் பல மாதம் ஆகலாம். சந்தேகத்தைக் கிளப்புபவை: நிக்காஹ்நாமாவில் (திருமண ஒப்பந்தத் தாள்) ஒரு தேதி, நாத்ரா திருமணச் சான்றில் வேறு தேதி (நிக்காஹ் ஒரு வருடம், மணமகளைக் கணவர் வீட்டுக்கு அனுப்பும் ருக்ஸதி அடுத்த வருடம் நடந்த குடும்பங்களில் இது சகஜம்), திருமணமாகி மூன்று வருடம் ஆகியும் அடையாள அட்டையில் மணமாகாதவர் என்ற பதிவு, விசாவுக்காக நேற்று எழுதப்பட்ட பிறப்புப் பதிவு. உள்ளாட்சி அமைப்பான யூனியன் கவுன்சிலின் பதிவு, நாத்ராவின் கணினிச் சான்று, குடும்பப் பதிவுச் சான்றான எஃப்ஆர்சி மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு தேதிகளுக்கு நியாயமான காரணம் இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் ஒரு பக்க விளக்கத்தை நீங்களே வையுங்கள்.

கேள்வி: வணக்கம். மியூனிக்கில் சிறிய மென்பொருள் கம்பெனி வைத்திருக்கிறேன், சொந்த ஊர் கோவை. கராச்சிப் பொறியாளர் ஒருவரை எடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தபோது செய்ததையே செய்தால் போதுமா?

உங்கள் பக்க வேலை அதேதான்: ஒப்பந்தம், வேலை விவரப் படிவம், சம்பள ஒப்பீடு. அவர் பக்கத்தில்தான் காலம் அதிகம் ஆகலாம். அதனால் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81ஏ வழியாக விரைவு நடைமுறையை எடுங்கள். உங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் அவருடைய அதிகாரப் பத்திரத்தோடு நீங்கள் தொடங்க வேண்டும், கட்டணம் 411 யூரோ. அலுவலகம் முன் ஒப்புதல் தந்ததும், தூதரகம் மூன்று வாரத்துக்குள் அவருக்கு நேரம் தர வேண்டும். முழு விண்ணப்பம் கிடைத்தபின் முடிவுக்கும் வழக்கமாக மூன்று வாரம்.

கராச்சியில் வசிப்பவர் அங்குள்ள துணைத் தூதரகத்துக்குப் போவார். சிந்து, பலூசிஸ்தான் அதன் எல்லை, மற்றவர்களுக்கு இஸ்லாமாபாத். விசாக் கட்டணம் 75 யூரோ. நேரம் ஒதுக்குவதற்குத் தூதரகம் காசு வாங்குவதில்லை. அப்படி யாராவது கேட்டதாக அவர் சொன்னால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேலை கிடைக்கவில்லை. வாய்ப்பு அட்டையில் போய் அங்கே தேடலாமா? வயது 33, ஐந்து வருட அனுபவம், ஐஇஎல்டிஎஸ் 7.

வாய்ப்பு அட்டை என்பது ஜெர்மனிக்குப் போய் வேலை தேட அனுமதிப்பது. 2024 ஜூனில் வந்த இந்த அட்டைக்கு ஆறு புள்ளி வேண்டும். 35 வயதுக்குள் என்பதால் 2, கடந்த ஏழு வருடத்தில் படிப்போடு தொடர்புள்ள ஐந்து வருட அனுபவத்துக்கு 3, ஆங்கிலம் சி1 தரத்துக்கு (உங்கள் ஐஇஎல்டிஎஸ் 7 அதற்குச் சமம்) 1. ஆறு ஆகிவிட்டது. பற்றாக்குறைத் தொழில் என்றால் இன்னொன்று கூடும். ஜெர்மன் ஏ2க்கு 1, பி1க்கு 2, பி2க்கு 3.

புள்ளி கிடைப்பது எளிது, பணம்தான் பாரம். 2025இல் வைத்த கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, ஆண்டுக்கு 13,092 யூரோ முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். அட்டை ஒரு வருடத்துக்கு. வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாமல் இதில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐடிக்கு வெளியே பெரும்பாலான கம்பெனிகள் பி1 இல்லாதவரை நேர்காணலுக்கே அழைப்பதில்லை. ஒரு வருட முடிவில் சேமிப்பும் போய், வேலையும் இல்லாமல் திரும்ப நேரலாம். கராச்சி கோதே நிலையத்திலோ லாகூர் ஆன்மரி ஷிம்மல் ஹவுஸிலோ எட்டு மாதம் உட்கார்ந்து ஜெர்மன் படித்துவிட்டுப் போனால் நிலைமை வேறு.

கேள்வி: ஏஜென்ட் 25 லட்சம் ரூபாய் கேட்கிறார். முதலில் ஷெங்கன் விசிட் விசா, போனதும் வேலை பெர்மிட்டாக மாற்றித் தருவாராம்.

வேண்டாம். பாகிஸ்தானியர் விசிட் விசாவில் ஜெர்மனிக்குள் போனால் வேலை விசாவுக்காகத் திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தங்கிவிட்டால் சட்டத்துக்கு வெளியே போய்விடுவீர்கள், அடுத்த விசாக்களுக்கும் அது இடிக்கும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப உரிமம் உள்ளவர்களின் பட்டியல் பாகிஸ்தான் குடியேற்றப் பணியகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஏஜென்டின் உரிம எண்ணை அங்கே தேடுங்கள். ப்ளூ கார்டுக்கோ ஏஜென்டே தேவையில்லை.

கேள்வி: எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கும் இதே வழியா?

விசா அதே குடும்பம், பாதை வேறு. டாக்டர் தொழில் செய்ய மாநில உரிமமான அப்ரோபட்சியோன் வேண்டும். பொது ஜெர்மன் பி2, அதன்மேல் மருத்துவ மொழித் தேர்வு சி1 தரத்தில். படிப்பு சமமில்லை என்று வந்தால் அறிவுத் தேர்வு. பாகிஸ்தான் மருத்துவக் கவுன்சிலான பிஎம்டிசியிடமிருந்து நன்னடத்தைச் சான்று வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். அதிக நாள் பழையதானால் மாநில அலுவலகம் புதியதைக் கேட்கும்.

கேள்வி: துபாயில் எங்கள் ஆபீசில் இருக்கும் பாகிஸ்தானி நண்பருக்காகக் கேட்கிறேன். அவர் விண்ணப்பிக்க இஸ்லாமாபாத் போக வேண்டுமா?

அமீரகத்தில் ரெசிடென்ஸ் விசாவோடு நிலையாக வசிக்கிறார் என்றால் அங்குள்ள ஜெர்மன் அலுவலகத்திலேயே கொடுக்கலாம். ரெசிடென்ஸ் முடியப் போகும் நிலையில் கொடுக்க வேண்டாம். பட்டத்தின் ஹெச்இசி வேலை மட்டும் எப்படியும் பாகிஸ்தானில்தான்.

கேள்வி: வயது 47. தடையா?

ப்ளூ கார்டுக்கு இல்லை. சாதாரணத் திறன் பணியாளர் விசாவுக்கு 45 தாண்டி முதல்முறை வருபவர் ஆண்டுக்கு 55,770 யூரோ சம்பளமோ, போதுமான ஓய்வூதிய ஏற்பாடோ காட்ட வேண்டும்.

கேள்வி: நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாமா?

தூதரகத்துக்கே எழுதும் அந்த மறுபரிசீலனை முறையை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை இரண்டு: ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது குறையைச் சரிசெய்து புது விண்ணப்பம். தாள் விடுபட்டதோ சம்பளம் குறைந்ததோ காரணம் என்றால் புது விண்ணப்பமே வேகம். தாள் போலி என்று சொல்லியிருந்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள். அந்தக் குறிப்பைப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டுப் புது விண்ணப்பம் போடக் கூடாது.

கேள்வி: விசா ஒட்டி வந்துவிட்டது. நேரே விமானம் ஏறலாமா?

இன்னும் இல்லை. வேலை விசாவில் போகும் பாகிஸ்தானியர் ப்ரொடெக்டர் பதிவு (வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான அரசுப் பதிவு) செய்ய வேண்டும், 1979ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி. கராச்சி, லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர், முல்தான், குவெட்டாவில் அலுவலகங்கள் உண்டு. வேலையை நீங்களே தேடிக்கொண்டிருந்தால் நேரடி வேலைவாய்ப்பு என்ற பிரிவில் பதியுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், அடையாள அட்டை, அவர்கள் சொல்லும் கட்டணங்கள், ஸ்டேட் லைஃப் காப்பீடு. இது இல்லாமல் போனால் விமான நிலையத்தில் குடிவரவைச் சோதிக்கும் எஃப்ஐஏ கவுன்டரிலேயே இறக்கிவிடுவார்கள், டிக்கெட் பணமும் போகும். விசா வந்த நாளுக்கும் பயண நாளுக்கும் இடையில் இதற்கென்று ஒரு வாரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.