கூட்டத்தோடு போய்ப் படம் எடுப்பது (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினேன். வீடியோக்கள் பார்த்தே ஓரளவு கற்றுக்கொண்டேன். எங்கள் பகுதியில் புகைப்பட ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். மாதம் ஒருமுறை கூடிப் படங்களைப் பார்த்துப் பேசுவார்களாம், சில ஞாயிறுகளில் விடியற்காலையில் சேர்ந்து படம் எடுக்கப் போவார்களாம். என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்குத் தயக்கம். படம் எடுப்பது தனியாகச் செய்கிற காரியம் இல்லையா? என் படத்தைப் பத்துப் பேர் முன்னால் வைத்து அலசுவதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் பல ஆண்டுகளாக அப்படி ஒரு குழுவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் அப்படி என்னதான் கிடைக்கிறது?

எம்.

அன்புள்ள எம்.,

தயங்காமல் போய்ச் சேருங்கள்.

ஷட்டரை அழுத்தும் நேரத்தில் எல்லோரும் தனிதான். குழுவில் இருப்பதால் அது பறிபோவதில்லை. ஃபோட்டோ வாக்கில், அதாவது சேர்ந்து நடந்து படம் எடுக்கப் போகும்போது, முதல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே நடப்போம், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவோம். ஒருவர் தரையோடு தரையாகப் படுத்துத் தேங்கிய தண்ணீரில் தெரியும் வானத்தை எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஒரு சுவர் முன்னால் யாராவது கடந்து போகட்டும் என்று அரை மணி நேரமாகக் காத்து நிற்பார்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். அத்தனை பேர் படங்களையும் வரிசையாகத் திரையில் போட்டுப் பார்க்கும்போது, இது நாம் நடந்த தெருதானா என்று இருக்கும். நான் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு சைக்கிளின் நிழல், வேறொருவர் படத்தில் ஃபிரேம் முழுக்க நீண்டு கிடக்கும். கொஞ்சம் பொறாமை வரும். அதைவிடச் சந்தோஷம் அதிகமாக வரும். அபர்ச்சர், ஐஎஸ்ஓ போன்ற கேமரா அமைப்புகளை எல்லாம் வீடியோவில் கற்றுக்கொள்ளலாம். நம் கண் எதை விட்டுவிடுகிறது என்பதை, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் நின்றவரின் படம்தான் காட்டிக்கொடுக்கும். நான் இத்தனை காலம் அங்கே போய்க்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சின்னச் சின்ன லாபங்களும் உண்டு. இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் போகத் துணை கிடைக்கும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் லென்ஸை ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்த்துவிடலாம். சின்னஞ்சிறு பொருள்களை நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் கையில் வந்த அன்றைக்குத்தான் தெரியும், பூச்சியை அதன் அசல் அளவிலேயே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழவைத்தால், லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும் என்பது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கால் மங்கிவிடும், நம் மூச்சே படத்தை ஆட்டிவிடும். பக்கத்தில் ஏற்கெனவே அதில் தவித்தவர் ஒருவர் இருந்தால், மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள், கேமராவை லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் பிடியுங்கள் என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

சரி, உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பிரிண்ட் ஒன்று கொண்டுவந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும் ஒரு மூதாட்டி. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் எப்போதும் கறுப்பு அட்டையில் ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள் வைத்திருப்பார். அவற்றைப் படத்தின் மேல் எதிரெதிராக வைத்து மெல்ல உள்ளே நகர்த்தினார். ஜன்னல் போனது, முகம் போனது, கடைசியில் விரல்களும் ஊசியும் நூல்முனையும் மட்டும் நின்றன. “இதுதான் படம்” என்றார். உடனே இன்னொருவர் மறுத்தார். அந்த இறுக மூடிய உதடு இல்லாவிட்டால் நூல் கோப்பது எவ்வளவு பாடு என்று தெரியாது என்றார். பேச்சு சூடு பிடித்தது. படத்தின் சொந்தக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஜன்னலை மட்டும் வெட்டினார், முகத்தை விடவில்லை. அவர் செய்ததுதான் சரி என்பது என் கட்சி.

யோசித்துப் பாருங்கள், நாம் எடுத்த ஒரு படத்தை இத்தனை பேர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பது வேறு எங்கே நடக்கும்? ஃபோனில் அனுப்பினால் ஒரு நொடி, ஒரு கட்டைவிரல், முடிந்தது.

அமெச்சூர்கள்தானே என்று குறைவாக நினைக்கவும் வேண்டாம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் 1939-இல் தொடங்கிய ஒரு புகைப்பட கிளப், பின்னால் ஃபோட்டோ சினி கிளப் பண்டேரான்ச்சி என்று அறியப்பட்டது. கணக்காளர்கள், பொறியாளர்கள், பத்திரிகையாளர்கள், வங்கி ஊழியர்கள் வேலை நேரம் போக அங்கே கூடினார்கள். அவர்களில் கெர்ட்ரூட்ஸ் அல்ட்சுல் என்ற பெண்மணிக்கு, தொப்பிகளில் வைக்கும் அலங்காரப் பூக்கள் செய்வது தொழில். இலைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். பூவும் இலையுமாகவே பழகிய கண்ணல்லவா! அந்த கிளப்காரர்களின் படங்களைத்தான் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2021-இல் தனிக் கண்காட்சியாக வைத்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில குழுக்களில் போட்டியும் மதிப்பெண்ணும் தலைக்கு ஏறிவிடும். நடுவருக்குப் பிடித்த மாதிரி எடுத்து எடுத்து எல்லோர் படமும் ஒன்றுபோல் ஆகிவிடும். இன்னும் சில இடங்களில் கேமரா மாடல் பேச்சைத் தவிர வேறு பேச்சே இருக்காது. இரண்டு மூன்று கூட்டம் போய்ப் பாருங்கள். படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருந்தால் தங்குங்கள், இல்லையென்றால் வேறு குழு தேடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு நாற்பது படங்கள் கொண்டுபோகாதீர்கள். மூன்று போதும். அதில் ஒன்று, உங்களுக்குப் பிடித்திருந்தும் ஏதோ சரியில்லை என்று உறுத்துகிற படமாக இருக்கட்டும். முடிந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள். யாராவது எதையாவது சொன்னால் உடனே விளக்கம் சொல்லப் போகாமல், முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். உங்கள் முறை முடிந்ததும் மற்றவர்கள் படங்களைப் பற்றி நீங்களும் வாயைத் திறந்து சொல்லுங்கள். புதியவர் என்று ஒதுங்கி உட்கார வேண்டாம், புதிய கண்ணுக்கு அங்கே எப்போதும் தேவை இருக்கிறது.

அன்புடன்.