சர்க்கரை நோயாளி கறியை விட வேண்டுமா?

கேள்வி: வயது 54. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.2. கறி, மீனை அறவே விட்டுக் காய்கறிக்கு மாறினால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் ஓர் உணவு ஆலோசகர். என் மகனோ சோற்றை விட்டுக் கறியை மட்டும் சாப்பிடச் சொல்கிறான். எதைக் கேட்பது?

பதில்: கறியை நீங்கள் விட வேண்டியதில்லை, கறியை மட்டுமே சாப்பிடவும் கூடாது. சாப்பிட்டவுடன் சர்க்கரையை ஏற்றுவது மாவுச்சத்து. ஆட்டுக்கறி, கோழி, மீன், முட்டை ஆகியவற்றில் அது அநேகமாக இல்லை. 100 கிராம் சோற்றிலோ ஏறத்தாழ 28 கிராம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தை நினைத்துப் பாருங்கள். குழம்பு ருசியாக இருப்பதனாலேயே, மற்ற நாளில் ஒரு தடவையோடு எழுந்துவிடுபவர் அன்று மூன்று தடவை சோறு வாங்குகிறார். தட்டில் விழுந்த கறி நாலு துண்டுதான். பிறகு சர்க்கரை ஏறினால் பழி அந்த நாலு துண்டின் மேல் விழுகிறது.

காய்கறியிலும் பேதம் உண்டு. கத்தரி, வெண்டை, புடலை, அவரை, கீரை ஆகியவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு ஆகியவற்றைச் சோற்றுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஆகவே தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு அல்லது களி, மீதிக் கால் பங்கு மீன், முட்டை, தோலுரித்த கோழி அல்லது பயறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறியை வாரம் ஒரு நாளோடு நிறுத்தி, கொழுப்பை நீக்கி வாங்குங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுவோருக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும். அது அசைவ உணவிலும் பாலிலும்தான் கிடைக்கிறது என்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக விடுபவர்களுக்குக் கால் மதமதப்பு வந்து, அதுவும் சர்க்கரையால்தான் என்று எண்ணி அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

கறியின் அளவைக் கட்டாயம் கணக்குப் பார்க்க வேண்டியவர் சிறுநீரகம் பழுதுபட்டவர். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் சரியாக இருக்கிறது என்று ஆறுதல் அடைய வேண்டாம். அது ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கியிருக்கலாம். இரண்டையும் ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது வழக்கமான வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளெல்லாம் சேர்த்து 48 கிராம், அதில் பருப்பும் பாலும் அடக்கம். சமைத்த கோழி 100 கிராமிலேயே பாதிக்கு மேல் போய்விடும். டயாலிசிஸ் தொடங்கியவருக்கோ கணக்கு தலைகீழ்: புரதம் கூடுதலாக வேண்டும். முற்றிய நிலையில் பொட்டாசியம் காரணமாகக் கீரையையும் இளநீரையும்கூடக் குறைக்க நேரும். உங்களுக்கு இந்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி அந்த ஆலோசகர். மாத்திரையை நிறுத்தச் சொல்பவரின் பையில் விற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே என் அனுபவம். சென்ற மாதம் ஒரு பெண்மணி "சர்க்கரை நோயாளிக்கான சத்துமாவு" டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கம் பாகற்காய்ப் படம். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் முதல் பொருள் கோதுமை மாவு, இரண்டாவது மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சர்க்கரையைப் போலவே வேகமாக ஏறும் மாவுச்சத்து. மாத்திரையை நிறுத்தி நாற்பது நாள் அதைக் குடித்திருந்தார். நீரிழிவைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது; இருந்தும் அந்த விளம்பரங்கள் கைப்பேசிக்குத் தினமும் வருகின்றன, தடுக்க வேண்டியவர்கள் அசைவதில்லை. இத்தகையோரிடம் மக்கள் போவதற்கு மருத்துவர்களாகிய எங்கள் தரப்பிலும் குற்றம் இருக்கிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, களி சாப்பிடுபவருக்கும் பரோட்டா சாப்பிடுபவருக்கும் ஒரே ஜெராக்ஸ் உணவுத்தாளை நீட்டினால் அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

மாத்திரையைத் தொடருங்கள். உங்களுக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்பதால், சோற்றைக் குறைப்பதால் சர்க்கரை தாழ்ந்துபோகும் அச்சம் பெரிதாக இல்லை. ஒரு ஞாயிறு வழக்கம்போலச் சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். அடுத்த ஞாயிறு அதே கறியோடு சோற்றைப் பாதியாக்கி, ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் சேர்த்து மறுபடி பாருங்கள். 180க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு எண்களையும் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், மகனிடமும் காட்டலாம்.