ராணுவக் கட்டையா, கடைக் கட்டையா?

கேள்வி: இங்கிலாந்தில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. குறி சுடும் போட்டிக்காக 7.62 மி.மீ. குண்டு அளவுக்கு மாற்றி, கனமான குழல் போட்டிருக்கிறார்கள். முன்கட்டை பாதியிலேயே நிற்கிறது. பின்கட்டையில் கன்னம் வைக்க ஒரு மேடு. "மரமெல்லாம் ராணுவ ஒரிஜினல்" என்று சொல்லி, விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: "மரமெல்லாம்" என்று ஒரே மூச்சில் சொல்வதை நம்ப வேண்டாம். நம்பர் 4-ல் மரம் ஒரே துண்டு இல்லை. பின்கட்டை தனி, முன்கட்டை தனி, குழலை மேலே மூடும் கட்டைகள் தனி. பின்கட்டையை உள்ளே ஓடும் நீண்ட திருகாணி ஒன்றுதான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றி வேறு கட்டை மாட்டுவது பெரிய வேலையே அல்ல. அதனால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பின்கட்டையின் மேல்விளிம்பில், தோளில் படும் பின்தகட்டுக்குச் சற்று முன்னால் S, L, B என ஏதாவது எழுத்து இருக்கிறதா? ராணுவம் வீரரின் உடல்வாகுக்கு ஏற்ப அரை அங்குல வித்தியாசத்தில் கட்டைகளை வைத்திருந்தது. S குட்டை, L நீளம், B அதைவிடக் குட்டை. சாதாரண அளவில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது, ஆகவே எழுத்து இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அப்புறம் அரசு உடைமையைக் காட்டும் அகன்ற அம்பு முத்திரையையும், N, M, S என்ற எழுத்தோடு எண் சேர்ந்த குறியீடுகளையும் தேடுங்கள். போர்க்காலத்தில் மர வேலை செய்து கொடுத்த ஒப்பந்ததாரர்களின் அடையாளங்கள் அந்தக் குறியீடுகள்: வடக்கு, மத்தியப் பகுதி, தெற்கு. உரிமையாளரைக் கேட்டு, பின்தகட்டைக் கழற்றி உள்ளேயும் பார்த்துவிடுங்கள். மேலே உப்புத்தாள் தேய்த்தவர்கள் அங்கே கை வைத்திருக்க மாட்டார்கள்.

கன்ன மேடுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். ராணுவத்தில் அது ஸ்னைப்பர் வகைகளான நம்பர் 4 (டி)-க்கும், அதைப் பின்னர் 7.62-க்கு மாற்றிய எல்42ஏ1-க்கும் உண்டு. தனி மரத்துண்டாகத் திருகு போட்டு வைத்திருப்பார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் 1942 முதல் மாற்றிக் கொடுத்த துப்பாக்கிகளில் S51 என்ற குறியீட்டையும், பின்கட்டையின் கழுத்தில் தொலைநோக்கியின் எண்ணையும் பார்க்கலாம். மேடு தனித்துண்டாக இல்லாமல் கட்டையோடு சேர்த்தே செதுக்கப்பட்டிருந்து, தோள் பக்கம் முதுகு உயர்ந்து, தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடும் ஓடினால் அது கடைக் கட்டை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வார்சா என்ற ஊரிலிருந்து ஃபாஜென், பிஷப் என்ற இரண்டு நிறுவனங்கள் இப்படிப்பட்ட கட்டைகளை நிறையச் செய்து விற்றன. பளபளக்கும் வார்னிஷையும் சந்தேகத்தோடு பாருங்கள். ராணுவம் பூசியது ஆளிவிதை எண்ணெய்.

முன்கட்டை குட்டையாக இருப்பதால் மட்டும் அது வெளியே வாங்கியது என்றாகிவிடாது. 1970-ஐ ஒட்டி என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையே ராணுவப் போட்டியாளர்களுக்கு எல்39ஏ1, மற்றவர்களுக்கு என்வாய் என்று குட்டை முன்கட்டையோடு 7.62 துப்பாக்கிகளைச் செய்தது. அப்படியானால் அந்தப் பெயர் உலோகத்தில் இருக்கும். இல்லையென்றால் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் முழு நீள ராணுவக் கட்டையை வெட்டியிருக்கலாம். அதற்கு ஒரு அடையாளம், பக்கவாட்டில் விரல் பதிய ஓடும் நீளமான பள்ளங்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணை முன்கட்டையின் முனைக்கு அருகில், அடிப்பக்கம்தான் அடிப்பார்கள். வெட்டும்போது அந்த எண்ணும் போய்விடும். எண் இல்லை என்பதற்காக விற்பவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

கட்டையின் உள்ளே எபாக்ஸி (இறுகும் பிசின்) பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். குழலைச் சரியாக உட்கார வைக்கக் குறி சுடுபவர்கள் செய்யும் வேலை அது. கடைக் கட்டையில் பெரிய இடைவெளியை அடைக்கத் திணித்த பூச்சு வேறு, பார்த்தாலே தெரியும்.

சரி, கூடுதல் விலை? என் கணக்கில் தரத் தேவையில்லை. குழலும் குண்டு அளவும் மாறிய பிறகு இது சேகரிப்பாளர் தேடும் பொருள் அல்ல. பணம் தருவதானால் குழலின் நிலைக்கும், பார்க்கர்-ஹேல் 5சி போன்ற, குறி பார்க்க உதவும் நல்ல பின்பக்கக் கருவிக்கும் தாருங்கள். துப்பாக்கியின் பாதுகாப்பைச் சோதிக்கும் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச்சாலையின் 7.62 முத்திரை இல்லாவிட்டால் மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய .303 குண்டு அளவிலேயே உள்ள நம்பர் 4. ராணுவக் குழல் அப்படியே இருக்கிறது, முன்கட்டையை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். முழு நீளக் கட்டை வாங்கி மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். ஆனால் மார்க் 1-க்கும் மார்க் 2-க்கும் கட்டை வேறு. மார்க் 1-ல் விசை அதன் காப்பு வளையத்தில் தொங்கும், மார்க் 2-ல் ரிசீவரிலேயே (போல்ட் ஓடும் உலோக உடல்) தொங்கும். அதனால் கட்டையின் பின்முனையும் மாறும்: முதலாவதில் தகட்டுப் பட்டை, இரண்டாவதில் குறுக்கே ஒரு திருகு. வாங்குமுன் இதைப் பாருங்கள். முனையில் கட்டை குழலை 2 முதல் 7 பவுண்டு அழுத்தத்தில் மேல்நோக்கித் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் குறி அலையும். அதைச் சரிசெய்யும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ராணுவ வடிவத்திலேயே புதிதாகச் செய்த கட்டைகளும் விற்கின்றன. சுடுவதற்கு அவை போதும், பழசு என்று சொன்னால் மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: மரக்கட்டை மட்டும் வாங்க உரிமம் வேண்டுமா?

பதில்: பிரிட்டனில் வேண்டாம். குழலும் ரிசீவரும் போல்ட்டும்தான் உரிமத்துக்குள் வரும். முழுத் துப்பாக்கியை வாங்குவதானால், அந்தக் குண்டு அளவு உங்கள் உரிமத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும்.