தம்பிக்கு வைத்த நகையும் மகளின் மேற்படிப்பும்

கேள்வி: என் மகள் கோவையில் விடுதியில் தங்கி, பி.எஸ்சி. உணவு மற்றும் ஊட்டச்சத்துப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடிக்கப் போகிறாள். எம்.எஸ்சி.யும் முடித்து மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேண்டும் என்பது அவளது விருப்பம். கணவர் ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மேற்பார்வையாளர், சம்பளம் 26,000 ரூபாய். நான் தனியார் பள்ளி ஆசிரியை, 14,000 ரூபாய். வீட்டுச் செலவு 26,000 ஆகிறது. நகைகளைத் தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் 1,20,000 வீதம் மூன்று சீட்டாக அடகு வைத்திருக்கிறோம், ஒன்றரை வட்டி. ஒரு சீட்டு மகளின் கல்லூரிச் செலவுக்காக வைத்தது. மற்ற இரண்டும் என் தம்பியின் கடைக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைத்தவை. வட்டியைத் தானே கட்டுவதாகச் சொன்னவன் மூன்று மாதம் கட்டினான். இப்போது இன்னும் ஒரு லட்சம் கேட்கிறான். மகளின் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் குறைவில்லாமல் சீர் செய்த தாய்மாமன் என்பதால் மறுக்க வாய் வரவில்லை. வங்கியில் 1,20,000 வைப்பு உண்டு. மூன்றாம் ஆண்டுக்கு 1,10,000 ரூபாயும், எம்.எஸ்சி.க்கு ஆண்டுக்கு 1,50,000 ரூபாயும் தேவைப்படும். கல்விக் கடன் வாங்கினால் பெண்ணின் தலையில் கடன் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. காப்பீட்டு முகவர் மாதம் 5,000 கட்டும் குழந்தைகள் திட்டம் ஒன்றைச் சொல்கிறார். மகளின் தோழியோ, 65,000 ரூபாய்க்கு இணையவழியில் ‘நியூட்ரிஷன் கோச்’ சான்றிதழ் கிடைக்கும்போது எம்.எஸ்சி. எதற்கு என்கிறாள். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: கல்விக் கடன் வாங்கலாமா, முகவர் சொல்லும் திட்டத்தில் சேரலாமா, சான்றிதழ் போதுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். தம்பியைப் பற்றிக் கேள்வியாக எதுவும் கேட்கவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் குடும்பக் கணக்கில் ஓட்டை இருப்பது அந்த இடத்தில்தான் என்பதால், அதை முதலில் பேசிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஒன்றரை வட்டி என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம் என்பதை ஓர் ஆசிரியைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தம்பிக்காக வைத்த 2,40,000 ரூபாய்க்கு மாத வட்டி 3,600. இருபத்து நான்கு மாதங்களுக்கு 86,400. அவர் கட்டிய மூன்று மாதத்தைக் கழித்தால் உங்கள் கையிலிருந்து போனது 75,600 ரூபாய், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். இனி மகளின் எம்.எஸ்சி.க்கு வங்கியில் மூன்று லட்ச ரூபாய் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்று கொண்டால், முதல் ஆண்டு வாங்கும் ஒன்றரை லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 45,000, இரண்டாம் ஆண்டு வாங்கும் ஒன்றரை லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 30,000. ஆக, படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் வங்கி தரும் ஓராண்டு அவகாசத்துக்கும் சேர்த்து மொத்த வட்டி 75,000 ரூபாய். மகளின் தலையில் ஏறிவிடுமே என்று நீங்கள் அஞ்சுகிற அந்தத் தொகையை, தம்பிக்காக ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டீர்கள்.

ஆண்டு முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பதே நீங்கள் கைவிட வேண்டிய பழக்கம். அது எப்படி உங்கள் மகளின் படிப்பைத் தொடுகிறது என்று பாருங்கள். 40,000 வருமானத்தில் வீட்டுச் செலவு 26,000, அடகு வட்டி 5,400 போக மாதம் மிஞ்சுவது 8,600, ஆண்டுக்கு 1,03,200. மூன்றாம் ஆண்டுச் செலவான 1,10,000 ரூபாய்க்கு ஏழாயிரம்தான் குறைகிறது என்பதால், எப்படியோ சமாளித்துவிடலாம் என்று தோன்றும். தம்பி கேட்கும் ஒரு லட்சத்தையும் வைத்துக் கொடுத்தால் மாத வட்டி 6,900 ஆகும், மிச்சம் 7,100 ஆகச் சுருங்கும், ஆண்டு முடிவில் துண்டு 25,000 விழும். அந்தத் துண்டை அடைக்க இன்னொரு வளையல் போகும். கல்லூரிச் செலவுக்காக வைத்ததாக நீங்கள் எழுதியிருக்கும் முதல் சீட்டும், இப்படிப்பட்ட துண்டுகள் சேர்ந்து உருவானதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

தம்பி கேட்கும் தொகை ஏன் சரியாக ஒரு லட்சம் என்பதிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. இரண்டு ஆண்டுகளில் தங்கத்தின் விலை நன்றாக ஏறியிருப்பதால், அதே நகைக்கு இன்னும் இவ்வளவு தருகிறோம் என்று அடகு நிறுவனங்கள் தாமாகவே தொலைபேசியில் அழைத்துச் சொல்கின்றன. விலை ஏறியதால் கடனுக்கும் நகையின் மதிப்புக்கும் நடுவே கிடைத்த அந்த இடைவெளி உங்களுக்குச் சொந்தமானது. நிறுவனத்துக்கு அது புதிய வியாபாரம். கேட்பவருக்கு அது ‘சும்மா கிடக்கிற பணம்’. அந்த அழைப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த இடைவெளியை உங்களுக்காகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. வங்கிகளில் நகைக்கடன் வட்டி, வங்கிக்கு வங்கி மாறினாலும், ஏறத்தாழ ஒன்பது முதல் பத்து சதவீதத்துக்குள் கிடைக்கும். வைப்பில் உள்ள 1,20,000 ரூபாயை எடுத்து (முன்கூட்டி முறிப்பதால் வட்டியில் சிறிது குறையும், போகட்டும்) முதல் சீட்டை மீட்டு, அந்த நகையை அன்றே வங்கியில் வையுங்கள், அந்தப் பணத்தில் இரண்டாம் சீட்டை மீட்டு அதையும் வங்கியில் வையுங்கள், மூன்றாவதும் அப்படியே. கடைசி நகையை வைத்த பணம் மீண்டும் வைப்புக்குப் போய்விடும். மூன்று நடை நடக்க வேண்டும், மதிப்பீட்டாளர் வரும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 3,60,000 ரூபாய்க்கு ஒன்பதரை சதவீதம் என்றால் மாதம் 2,850 ரூபாய் வட்டி. மிச்சம் 8,600 என்பது 11,150 ஆகும். மூன்றாம் ஆண்டுச் செலவு புதிய அடகு எதுவும் இல்லாமல் முடியும். கட்டணத்தை ஜூனில் வைப்பிலிருந்து கட்டிவிட்டு, மாதாமாதம் நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

இனி எம்.எஸ்சி. நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகப் பிணையோ முன்பணமோ கேட்பதில்லை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிக்கும் காலத்தில் தனிவட்டிதான். மகள் சேரும் கல்லூரி, மத்திய அரசின் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று அத்திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகை எதுவும் பெறாத மாணவருக்கு, தவணை தொடங்கும் வரையிலான காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. தகுதி பெறுவோர் அனைவருக்கும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைத்தால் மேலே சொன்ன 75,000 ரூபாய் 52,500 ஆகக் குறையும். கல்விக் கடனுக்கு வரிவிலக்கு உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் இருவர் வருமானத்துக்கும் கட்ட வேண்டிய வரியே இல்லை.

பயம் வேண்டாம் என்று சொல்வதால் கடன் இலேசானது என்று பொருளில்லை. வட்டியைக் கட்டாமல் விட்டால், தவணை தொடங்கும்போது கடன் 3,75,000 ஆக இருக்கும். ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 6,200 ரூபாய். என்னிடம் கணக்குப் பார்க்க வரும் குடும்பங்களில், எம்.எஸ்சி. முடித்து மருத்துவமனையில் சேர்ந்த பெண்கள் தொடக்கத்தில் பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்றுதான் வாங்குகிறார்கள். அதில் ஆறாயிரம் தவணைக்குப் போவது பாரம். ஆகவே, படிக்கும்போதே மாத வட்டியான 1,250 ரூபாயையும், இரண்டாம் ஆண்டிலிருந்து 2,500 ரூபாயையும் நீங்கள் கட்டி வாருங்கள். தவணை 5,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். எம்.எஸ்சி. காலத்தில் கட்டணத்தைக் கடன் பார்த்துக்கொள்வதால், மாத மிச்சத்தில் இந்த வட்டி போக எட்டரை ஆயிரத்துக்கும் மேல் நிற்கும். அது முழுவதும் நகைக்கடனின் அசலுக்குப் போக வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் என் பொறுமை சற்றுக் குறைவு. அதற்குச் சொந்தக் காரணம் உண்டு. என் தாயார் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நாட்களில், மருத்துவர் சீட்டில் பொட்டாசியம் குறைந்த உணவு என்று ஒரு வரி எழுதினார். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிருந்த டயட்டீஷியன், இருபத்தைந்து வயதிருக்கும், வீட்டில் அம்மா தண்ணீர் குடிக்கும் டம்ளரையே எடுத்துவரச் சொல்லி, நாளைக்கு இத்தனை டம்ளர், அதில் காபியும் ரசமும் சேர்த்தி என்று அளந்து காட்டினார். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாங்கள் தினமும் கொடுத்துவந்த இளநீரை அன்றே நிறுத்தினார். கீரையையும் காயையும் நறுக்கி, நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னார். ஆறு வார இணையவழிப் பயிற்சியில் இது வராது. வந்தாலும், சிறுநீரக நோயாளியின் படுக்கையருகே அந்தச் சான்றிதழை நம்பி யாரும் நிறுத்த மாட்டார்கள்.

தொழிலின் போக்கும் அப்படித்தான் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர்கள் ஆணையச் சட்டம், டயட்டீஷியன்களையும் ஊட்டச்சத்து நிபுணர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உணவு மற்றும் ஊட்டச்சத்து உட்பட, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர வழியிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. ஆகையால், செலவைக் குறைக்கத் தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. படிக்கலாமே என்று நாளை வேறொருவர் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். செலவைக் குறைப்பதானால் கல்லூரியைத் தேர்வதில் குறையுங்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கட்டணம் கணிசமாகக் குறையும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நுழைவுத் தேர்வு வைத்து பயன்பாட்டு ஊட்டச்சத்தில் எம்.எஸ்சி. நடத்துகிறது. அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் தொடங்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. மகளை அந்தத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள்.

கட்டண விவரத்தில் வராத ஒரு செலவும் இருக்கிறது. மருத்துவமனை டயட்டீஷியனாக இந்திய டயட்டெடிக் சங்கத்தின் பதிவுத் தேர்வை எழுத விரும்புவோர், மேற்படிப்புடன் மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பல இடங்களில் அதற்கு உதவித்தொகை கிடையாது. சில இடங்களில் நாம்தான் கட்டணம் செலுத்த வேண்டும். வெளியூரில் தங்கினால் அறுபதாயிரம் ரூபாயாவது ஆகும். உங்கள் வைப்பை நான் நகை மீட்பில் கரைக்காமல் திருப்பிப் போடச் சொன்னது இந்த ஆறு மாதத்தை மனத்தில் வைத்துத்தான்.

முகவரின் திட்டத்துக்கு ஒரு பத்தியே அதிகம். குழந்தைக்கு இருபது வயது நெருங்குகிறது. இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் பங்குச்சந்தை சார்ந்த காப்பீடு. ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தைத் தொட முடியாது. உங்கள் மகள் மூன்று ஆண்டுகளில் எம்.எஸ்சி.யை முடித்துவிடுவாள். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு கழித்து வரும் கல்வி நிதிக்காக, மாத மிச்சத்தில் பாதியை அவர் கேட்கிறார்.

மீண்டும் தம்பிக்கு வருகிறேன். அவர் செய்த சீர் பெரிதுதான். அதற்கு ஈடாக அவர் வீட்டு விசேஷங்களில் நீங்களும் செய்திருப்பீர்கள், இனியும் செய்வீர்கள். அது மொய் நோட்டில் இருக்கிற கணக்கு. 2,40,000 வேறு கணக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியதால்தான் உங்களுக்கு வாய் வரவில்லை. கணவரையும் உடன் வைத்துக்கொண்டு, “நகை எல்லாம் பாப்பாவின் படிப்புக்காக வங்கிக்குப் போய்விட்டது, இனி மேலே வைக்க முடியாது” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அவருடைய இரண்டு சீட்டுகளுக்கும் வங்கியில் தனிக் கடன் கணக்கு தொடங்கி, அந்தக் கணக்கு எண்ணை அவரிடமே கொடுத்து, மாதம் 5,000 ரூபாயை நேரே அதில் கட்டச் சொல்லுங்கள். அதில் வட்டி 1,900 போக மீதி அசலில் கழியும். உங்கள் கைக்குப் பணம் வர வேண்டாம், வந்தால் அது மளிகைக்குப் போய்விடும்.

ஆறு மாதம் பாருங்கள். தவணை வரவில்லையென்றால், அந்தக் கணக்கில் உள்ள நகையில் கடனை அடைக்கும் அளவுக்கு மட்டும் விற்று, கணக்கை முடித்துவிடுங்கள். மகளின் திருமணத்துக்கு வைத்த நகை என்று மனம் தடுக்கும். ஒன்றரை வட்டியில் இன்னும் மூன்று ஆண்டு வைத்திருந்தால் அந்த நகைக்கு வட்டியாக மட்டும் மேலும் 1,29,600 ரூபாய் கட்டியிருப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, விற்கப் போகும் நாளில் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.