மாத்திரை தவறவில்லை, பக்கவாதம் ஏன் திரும்பியது?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 63 வயது. தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். முன்பு ஒருமுறை இடது கை, கால் வராமல் போய்த் தேறினார். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அப்படியும் போன மாதம் வாய் கோணிவிட்டது. ஸ்கேனில் புது அடைப்பு என்கிறார்கள். "இனி பச்சிலைதான்" என்கிறார் பெரியப்பா. என்ன செய்வது?
- ஒரு மகள், ராயக்கோட்டை

பதில்: பெரியப்பா கோபப்படட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துகள் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு போக்காது. 2006-இல் வெளியான ஸ்பார்க்கல் ஆய்வில், அடோர்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சுமார் 5 ஆண்டுகளில் 11.2 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் அது 13.1 சதவீதம். ஆஸ்பிரினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறைக்கிறது. ஆகவே உங்கள் கவனிப்பில் குறை இருந்தது என்று நினைத்து அழ வேண்டாம்.

மாத்திரை கொடுப்பதை எழுதியிருக்கிறீர்கள், பிரஷர் எவ்வளவு என்று எழுதவில்லையே! பொதுவாக 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். வீடு தேடி மாத்திரை தரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தப் பணியாளர் மாத்திரையோடு வரும்போது பிரஷரையும் பார்த்து நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். விடியற்காலையில் மண்டிக்கு ஓடுகிறவர் மாத்திரையை நிஜமாகவே விழுங்குகிறாரா, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாரா? பீடி உண்டா? கொஞ்சம் விசாரியுங்கள்.

நான் அதிகம் சந்தேகிப்பது இதயத்தை. துடிப்பு தாறுமாறாகும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' இருந்தால் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கும். இதற்கு ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மருந்து வேண்டும். இந்தக் கோளாறு வந்து வந்து போகும் என்பதால் சில நொடி ஈ.சி.ஜி.யில் அகப்படாமலே போகலாம். 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனையைக் கேளுங்கள். கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேனும், மூளைக்குள் இருக்கும் குழாய்களின் படமும் எடுத்தார்களா? உள்குழாய்ச் சுருக்கம் நம்மவர்களிடம் அதிகம். எங்கே கோளாறு என்று தெரிந்தால் வைத்தியமே மாறலாம்.

பச்சிலை அடைப்பைத் தடுக்கும் என்பதற்கு நான் ஆதாரம் பார்த்ததில்லை. மறுபடி வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.