பி.பி. பார்க்கும் பெண்ணும் நர்ஸம்மாவும்: வாசகர் கேள்விகள்

சென்னையில் வீடு வீடாகப் போகும் சுகாதார வேலையில் 32 ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கதவைத் தட்டுபவர் யார், அவரிடம் எதைக் கேட்கலாம் என்பதைப் பற்றியவை. நல்ல கேள்விதான். எங்கள் துறையிலேயே பலருக்கு இதில் தெளிவு கிடையாது.

எங்கள் தெருவுக்கு மாதாமாதம் பி.பி., சுகர் பார்க்க ஒரு பெண் வருகிறார். மாமியாருக்கு மாத்திரையும் அவரே தருகிறார். போன முறை பிரஷர் அதிகமாக இருந்தும் மாத்திரையைக் கூட்டித் தரவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். நர்ஸ் இப்படித் தட்டிக்கழிக்கலாமா?
— வாசகி, வியாசர்பாடி

அவர் நர்ஸ் இல்லை. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு முதலில் வருபவர் இவர்தான். பெரும்பாலும் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளப்பது, மருத்துவர் ஏற்கெனவே எழுதிய மாத்திரையைக் கொண்டுவந்து சேர்ப்பது, அளவு மீறியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, இதுவே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் வேலை. மாத்திரையின் அளவைக் கூட்டுவது மருத்துவரின் வேலை. ஆகவே அவர் தட்டிக்கழிக்கவில்லை, தன் எல்லைக்குள் நின்றிருக்கிறார். ‘ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருந்தால்தான் நீங்கள் எனக்குப் புகார் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் கருவியை எடுக்கும்போது மாமியார் என்ன செய்துகொண்டிருந்தார்? தண்ணீர் லாரியிலிருந்து குடம் தூக்கி வந்த கையோடு பட்டையைச் சுற்றினால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். கால் இரண்டும் தரையில் பட வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது (நம் வீடுகளில் இதுதான் கஷ்டம்). ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். இவ்வளவும் சரியாக இருந்து, இரண்டாம் முறை பார்த்தபோதும் 140/90க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தன்னார்வலர்தானே என்று இளக்காரமாக நினைக்கவும் வேண்டாம். நான் வேலையில் இருந்தபோது என் பகுதியில் ஓர் உதவியாளர் பெண் இருந்தார், படிப்பு பத்தாம் வகுப்பு. ஒரு பாட்டியின் பிரஷர் மூன்று மாதமாகச் சரியாக இருந்தது. என் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் நலம். இந்தப் பெண் மட்டும், “அம்மா, அவர்களின் மெட்டி விரலில் புதைந்திருக்கிறது, போன மாதம் சுற்றிச் சுழன்றது” என்றார். போய்ப் பார்த்தால் இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு இப்படிக் கால் வீங்கும். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருந்தாலும் வீங்கும். எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அதே தெருவில் வாழ்ந்து, அதே குழாயடியில் நின்றவருக்குத்தான் போன மாதத்து மெட்டி நினைவில் இருந்தது. எனக்கு இல்லை.

நானே அப்படி ஒரு தன்னார்வலர். “நீதான் தினமும் வருகிறாயே, இன்சுலினையும் போட்டுவிட்டுப் போ” என்று ஒரு தாத்தா கேட்கிறார். மறுத்தால் மனசு கேட்கவில்லை.
— வாசகி, காசிமேடு

போடாதீர்கள் அம்மா. ஊசி குத்துவது கடினம் என்பதால் சொல்லவில்லை. அது ஒரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். போட்ட பிறகு அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டால் சர்க்கரை இறங்கும். அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் சிக்கல். உங்களைக் காப்பாற்ற எந்தத் தாளும் இருக்காது.

ஆனால் ‘முடியாது’ என்ற சொல்லோடு திரும்பி வந்துவிடாதீர்கள். செவிலியரிடம் சொல்லி, ஒரு நாள் அவரை அழைத்துப் போய், தாத்தாவின் பேத்திக்கோ பக்கத்தில் இருக்கும் மருமகளுக்கோ சொல்லிக்கொடுக்க வையுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போவதன் அடையாளங்களை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, சம்பந்தமில்லாத பேச்சு. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்கு அழையுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். ஒரு செவிலியர் வந்து சிறுநீர்க் குழாயைப் பார்க்கிறார். உடற்பயிற்சி தருபவர் எப்போதாவது வருகிறார். அரை மணி நேரம் இருந்துவிட்டு, பாதி நேரம் என்னிடம் பேசிவிட்டுப் போகிறார். இதனால் என்ன பயன்?
— வாசகர், திருவல்லிக்கேணி

உங்களிடம் பேசிய அந்தப் பாதி நேரம்தான் பயன். இயன்முறை மருத்துவர் பல நாளுக்கு ஒருமுறை வந்து அப்பாவின் கையை மடக்கி நீட்டினால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. தினமும் நான்கைந்து முறை அதைச் செய்யப்போவது நீங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் உடல் வேகமாகத் திரும்ப வரும். ஆகவே அடுத்த முறை அவர் வரும்போது அவரைச் செய்யவிட்டு நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டாம். நீங்கள் செய்யுங்கள், அவர் பார்த்துத் திருத்தட்டும். முக்கியமாக, அப்பாவைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது என்று கேளுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தசையின் பிடிமானம் இல்லாத அந்தத் தோள் மூட்டு நழுவிவிடும். பிறகு பக்கவாதத்தை விடத் தோள்வலிதான் அவரை அழவைக்கும்.

செவிலியரிடம் கேட்க வேண்டியது வேறு. குழாய் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, அடுத்து எப்போது என்று சுவர் நாள்காட்டியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்தது படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். சொல்லாதது ஒன்று உண்டு. புத்தகத்தில் ‘தோல் சிவந்தால் கவனி’ என்றிருக்கும். நம்மில் பலருடைய நிறத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு அன்றே செவிலியருக்குச் சொல்லுங்கள். தோல் உரிந்த பிறகு சொன்னால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

இன்னொன்று. செவிலியரும் இயன்முறை மருத்துவரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே அபூர்வம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். வருபவர் எல்லோரும் தேதி போட்டு இரண்டு வரி எழுதிவிட்டுப் போகட்டும்.

எங்கள் அறக்கட்டளை, தனியாக வாழும் முதியவர்களுக்காக வீட்டுச் சேவை தொடங்கப்போகிறது. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு செவிலியரை வைக்கலாம், அல்லது ஒரு செவிலியரும் மூன்று உதவியாளர்களும் வைக்கலாம். எது சரி?
— வாசகர், வேளச்சேரி

தலைகளை எண்ணுவதற்கு முன்னால் வேலையை எண்ணுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் முதியவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். குளிப்பாட்டுவது, மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்துவைப்பது, அளப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாய் மாற்றுவது, நடக்கவைப்பது, பேச்சுத்துணை. பெரும்பாலான வீடுகளுக்கு உதவியாளரே போதும் என்று தெரியவந்தால் இரண்டாவது வழி. படுக்கையில் இருப்பவர்களும், புண், குழாய் உள்ளவர்களும் அதிகமென்றால் யோசிக்காமல் முதல் வழி.

இரண்டாவது வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு செவிலியருக்குக் கீழே மூன்று பேர் என்றால் அந்தச் செவிலியர் முழு நேரச் செவிலியர் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது அவர்களின் குறிப்புகளைப் படிக்கவும், கூடவே போய்ப் பார்க்கவும், சொல்லித்தரவும் போய்விடும். அந்த நாளை முதலிலேயே ஒதுக்காதவர்கள் கடைசியில் ஏமாறுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனை சொல்லப் போன ஓர் அமைப்பு, செலவைக் குறைக்க இரண்டு செவிலியரை நிறுத்திவிட்டு ஐந்து உதவியாளர்களை எடுத்தது. வருகைகளின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. நிர்வாகத்துக்கு மகிழ்ச்சி. நோட்டுப் புத்தகம் முழுக்கச் சர்க்கரை அளவுகள்: 280, 310, 295. எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். படிக்க ஆள் இல்லை. அதில் ஒரு பெரியவர் எப்போதும் காலுறை போட்டிருப்பார். அதைக் கழற்றச் சொல்லி யாருக்கும் சொல்லித்தரவில்லை. கழற்றியபோது உள்ளே புண் முற்றியிருந்தது, ஒரு கால் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆலோசனை சொன்ன நானும் ‘யார் படிப்பார்கள்?’ என்று கேட்கத் தவறினேன். இன்றும் உறுத்துகிறது.

ஆகவே மூன்று விதிகளை எழுதிவையுங்கள். எந்த வீட்டுக்கும் முதல் வருகை செவிலியருடையது, யார் தொடர்வது என்று முடிவு செய்வது அவர். எந்த எண்ணைத் தாண்டினால் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது உதவியாளரின் பையில் அட்டையாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், டீ செலவு உங்களுடையது. இயன்முறை மருத்துவரை மாதச் சம்பளத்துக்கு வைக்க முடியாவிட்டால் வாரம் அரை நாள் வரச் செய்யுங்கள்.

நம் போக்குவரத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்த்தால் அதுவே நல்ல வேலை. பத்து என்று திட்டம் போட்டால் நான்கு வீட்டில் வாசலோடு திரும்புவார்கள்.

மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். குழந்தை பிறந்த பத்தாம் நாள் ‘ஹெல்த் விசிட்டர்’ என்று ஒருவர் வீட்டுக்கே வந்தாராம். ஒரு வருடப் பரிசோதனைக்கு வேறொருவர் வந்தாராம். ஒரே ஆள் வர மாட்டாரா? இங்கே அப்படி உண்டா?
— வாசகி, மயிலாப்பூர்

அங்கே ஹெல்த் விசிட்டர் என்பவர் பதிவு பெற்ற செவிலியராகவோ ‘மிட்வைஃப்’ எனும் மகப்பேறுச் செவிலியராகவோ இருந்து, அதற்கு மேல் சமுதாய நலத்தில் தனிப் படிப்பு முடித்தவர். 1862இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதியில் ஏழை வீடுகளுக்குப் பெண்களை அனுப்பியதில் தொடங்கிய மரபு. இங்கிலாந்தில் கர்ப்ப காலம் முதல் இரண்டரை வயது வரை ஐந்து சந்திப்புகள் கட்டாயம். பிறந்த பிறகான முதல் வருகை 10 முதல் 14 நாளுக்குள். ஒருவருக்கு 250 குழந்தைகளுக்கு மேல் கூடாது என்று அவர்களின் தொழில் அமைப்பு சொல்கிறது. ஆனால் 2015க்குப் பிறகு அவர்களின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்துவிட்டது. அதனால் பிந்தைய பரிசோதனைகள் சமுதாயச் செவிலியருக்கும் குழந்தைப் பராமரிப்புப் பணியாளருக்கும் போகின்றன. உங்கள் பேத்தியின் வீட்டுக்கு வந்த வேறொருவர் அப்படி வந்திருக்கலாம். அதில் தவறில்லை, அவர் கண்டது முதலில் வந்தவரிடம் போய்ச் சேர்ந்தால்.

இங்கே தேசிய திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டு வருகை உண்டு. எண்ணிக்கையில் நாம் அவர்களை விட மேல். நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்கில் சுமார் 10,000 பேருக்கு ஒரு சுகாதாரச் செவிலியர். ஆறு வருகையும் ஒழுங்காக நடந்த வீடு உங்கள் தெருவில் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊர்ச் சிக்கல் இன்னொன்றும் உண்டு: பேறுகாலத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பெயர் இருப்பது பெரம்பூர் பதிவேட்டில், குழந்தை இருப்பது தாம்பரத்தில். இரண்டு செவிலியரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள். போகும் முன் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். போன இடத்திலும் தாய்சேய் அட்டையோடு சுகாதார நிலையத்தில் ஒருமுறை தலையைக் காட்டுங்கள்.

கொசு மருந்து அடிக்க வருபவர் “வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?” என்று கேட்கிறார். அவருக்கு எதற்கு அது?
— வாசகர், கொளத்தூர்

சொல்லுங்கள். டெங்கு கொசு உங்கள் மாடித் தொட்டியின் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். அதனால் காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி, கொசு முட்டையிடும் தண்ணீர் எங்கே என்று உடனே தேட வேண்டியிருக்கிறது. அவரும் குழுவில் ஒருவர்தான், யாரும் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை என்றாலும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 200 வீடுகள். மாநகராட்சியிலிருந்து இதுவரை யாரும் வந்ததில்லை. வசதியானவர்கள் என்று ஒதுக்குகிறார்களா?
— வாசகி, பெரும்பாக்கம் சாலை

வாசல் காவலரைக் கேளுங்கள். ‘எந்த வீட்டுக்கு, யார் கூப்பிட்டது’ என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வார்? யாரும் கூப்பிடவில்லை, அவராக வந்தார். வெயிலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். உங்கள் சங்கத்தின் செயலாளரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று கீழ்த்தளக் கூடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுவையுங்கள். கூடத்துக்கு இறங்கிவர முடியாதவர்களின் வீட்டு எண்களைத் தனித்தாளில் எழுதிக் காவலரிடம் கொடுத்துவிடுங்கள்.