ஜெர்மனியின் வெண்டிய மக்கள் அமெரிக்காவின் டெக்சாஸுக்கு ஏன் போனார்கள்?

முக்கியக் காரணம் மதம். வெண்டியர்கள் கிழக்கு ஜெர்மனியின் லுசேஷியா பகுதியில் வாழும் சிறிய ஸ்லாவிய இனம், சோர்பியர் என்றும் சொல்வார்கள். அவர்களில் பலர் மார்ட்டின் லூதர் வழி வந்த லுத்தரன் சபையினர். பிரஷ்ய அரசு (அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்று) அந்தச் சபையை, கால்வின் வழி வந்த சீர்திருத்தச் சபையோடு இணைத்ததைப் பலர் ஏற்கவில்லை. வறுமையும், ஜெர்மன் மொழிக்கு மாறச் சொல்லும் நெருக்கடியும் சேர்ந்துகொண்டன.

1854-இல் யான் கிலியன் என்ற போதகர் தலைமையில் 500-க்கும் மேற்பட்டோர் கிளம்பி, லிவர்பூலில் 'பென் நெவிஸ்' கப்பல் ஏறினார்கள். காலரா பரவியதால் கப்பல் அயர்லாந்தில் நிறுத்தப்பட்டது. கரை சேரும் முன் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இழப்போடுதான் டிசம்பரில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அப்புறம் இன்றைய லீ கவுண்டியில் செர்பின் என்ற ஊரை அமைத்தார்கள். அங்கே 1871-இல் கட்டி முடித்த புனித பவுல் தேவாலயத்தை அவசியம் பார்க்க வேண்டும். வெளியே எளிமை, உள்ளே அவ்வளவு வண்ணம்! பிரசங்க மேடை மாடி உயரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆண்கள் மாடியிலும் பெண்கள் கீழேயும் உட்கார்ந்தார்கள். மணப்பெண்கள் கறுப்பு உடைதான் உடுத்தினார்கள்.

கிலியன் வெண்டிய மொழியில் பிரசங்கித்தார். ஆனால் சுற்றிலும் ஜெர்மானியர் பெருகப் பெருக, பிள்ளைகள் முதலில் ஜெர்மனுக்கும் பிறகு ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டார்கள். மொழி போனது பெரிய இழப்புதான். இன்றும் செப்டம்பரில் செர்பினில் வெண்டிய விழா நடக்கிறது, வீட்டு முறையில் செய்த முட்டை நூடுல்ஸோடு.